பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பெற்றோர் குழு: முதலில் எதைச் செய்வது?

மழைத்துளி | ஞாயிறு, இரவு 10:12

வணக்கம். எங்கள் குடியிருப்பில் பெற்றோர் சேர்ந்து நடத்தும் சிறிய விளையாட்டுக் குழு ஒன்று இருக்கிறது. வார இறுதியில் 7 வயதிலிருந்து 15 வயதுவரை சுமார் அறுபது பிள்ளைகள் வருகிறார்கள். பயிற்சி தருபவர்கள் ஐந்து பேர். யாரும் சம்பளம் வாங்குவதில்லை. நான் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் என் மகள் (9 வயது) வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். உள்ளேயிருந்து மடித்த ஸ்டிக்கர் தாள் ஒன்று விழுந்தது. "ஏது இது?" என்று கேட்டேன். சட்டென்று கையால் மூடிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "சார் கொடுத்தார். எனக்கு மட்டும்தான். அம்மாகிட்ட சொல்லாதே, இது நம்ம ரகசியம்னு சொன்னார்."

என் அடிவயிறு கலங்கிவிட்டது. வேறு எதுவும் நடக்கவில்லை என்றுதான் தெரிகிறது. அவர் எல்லாருக்கும் பிடித்தமானவர், பிள்ளைகளை ஊக்கப்படுத்துகிறவர். உள்நோக்கம் எதுவும் இல்லாமலும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த 'சொல்லாதே' என்ற வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில், யார் பெயரையும் சொல்லாமல், "பிள்ளைகள் பாதுகாப்புக்கு நமக்கு விதிமுறைகள் வேண்டாமா?" என்று மட்டும் கேட்டேன். அறை முழுக்க மௌனம். பிறகு ஒருவர் சொன்னார்: "நம்மகிட்ட எல்லாரும் தெரிஞ்சவங்கதானே." இன்னொருவர், "இதையெல்லாம் பேசினால் இருக்கிற பயிற்சியாளரும் வராமல் போவார்கள்" என்றார். கடைசியில் மூன்று பேர் கொண்ட பாதுகாப்புக் குழு அமைக்க ஒப்புக்கொண்டார்கள். பூனைக்கு மணி கட்டும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

வேங்கை | ஞாயிறு, இரவு 10:40

இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பாவாகச் சொல்கிறேன் சகோதரி, விதிமுறை எழுதி என்ன ஆகப்போகிறது? இந்த மாதிரி ஆட்களுக்குப் பயம் வர வேண்டும். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆளின் படத்தைப் போடுங்கள். ஏற்கெனவே தண்டனை வாங்கியவர்கள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். நாலு பேர் போய் வீட்டு வாசலில் நின்றால் போதும், தானாக ஓடிப்போவான். போலீஸ், கோர்ட் என்று அலைந்து நியாயம் கிடைப்பதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். நம் பிள்ளைகளை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

கடலோசை | திங்கள், காலை 6:25

மழைத்துளி, நீங்கள் கூட்டத்தில் யார் பெயரையும் சொல்லாமல் பேசியது சரியான முடிவு. அந்தச் 'சொல்லாதே'வை விழுங்காமல் இருந்தது அதைவிடச் சரி. நான் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக வேலை செய்கிறேன்.

டேவிட் ஃபிங்கெல்ஹோர் என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு விளக்கம் கொடுத்தார். இன்றைக்கும் இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். ஒரு பிள்ளைமீது பாலியல் அத்துமீறல் நடக்க வேண்டுமென்றால், அதைச் செய்பவர் நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. முதலில் அந்த எண்ணம் இருக்க வேண்டும். அடுத்து, 'இது தப்பு' என்று உள்ளுக்குள் தடுக்கும் குரலை அவர் அடக்க வேண்டும். மூன்றாவது, வெளியே இருக்கும் தடைகளைக் கடக்க வேண்டும்: பார்க்கும் கண்கள், திறந்திருக்கும் கதவு, கேள்வி கேட்கும் பெரியவர்கள். நான்காவதுதான் பிள்ளையின் எதிர்ப்பு.

நாம் என்ன செய்கிறோம்? கிட்டத்தட்ட முழுப் பாரத்தையும் நான்காவதில் கொண்டுபோய் வைக்கிறோம். "குட் டச், பேட் டச் சொல்லிக் கொடுத்தாச்சு, கத்தச் சொல்லியிருக்கோம், ஓடச் சொல்லியிருக்கோம்." சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான, தனக்குப் பிடித்த, அம்மா அப்பாவே மரியாதையாக நடத்தும் ஒருவரை ஏழு வயதுப் பிள்ளை எதிர்த்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அதுவும் 'பேட் டச்' எப்போதும் வலிக்கும், பயமாக இருக்கும் என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். விளையாட்டுபோலத் தொடங்கியது, வலிக்கவில்லை என்றால், 'அப்படியென்றால் இது அது இல்லை போல' என்று குழம்பிப்போகிறார்கள். அதனால்தான் இப்போது 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்' என்று சொல்லச் சொல்கிறோம்.

ஒரு குழுவால் உறுதியாகச் செய்ய முடிந்தது மூன்றாவது கட்டம். ஒருவருடைய மனதுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் எட்டிப் பார்க்க முடியாது. அவரும் ஒரு பிள்ளையும் யார் கண்ணிலும் படாமல் தனியாக இருக்கும் நேரத்தை இல்லாமல் செய்ய முடியும். ஸ்டிக்கர் கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. 'பிள்ளைகளிடம் ரகசியம் வைக்கச் சொல்லக்கூடாது' என்று ஒரு விதி இருந்தால் போதும். நல்லவர் என்றால் அடுத்த நாளே நிறுத்திவிடுவார். நிறுத்தாதவரை எல்லாரும் கவனிப்பார்கள்.

மகளிடம் 'ரகசியம்' வேறு, 'சர்ப்ரைஸ்' வேறு என்று சொல்லிக்கொடுங்கள். பிறந்தநாள் பரிசு சர்ப்ரைஸ். ஒரு நாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும், தெரியும்போது எல்லாரும் சிரிப்பார்கள். எப்போதுமே சொல்லக்கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னால், அதை அன்றைக்கே வீட்டில் சொல்லலாம். சின்னப் பிள்ளைகளுக்கும் இது நன்றாகப் புரிகிறது.

நிழற்குடை | திங்கள், மதியம் 1:05

வேங்கை அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் படம் போடுவதும் வாசலில் போய் நிற்பதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டு பிரிட்டனில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட பிறகு, ஒரு செய்தித்தாள் குற்றவாளிகளின் படங்களையும் பெயர்களையும் வெளியிட ஆரம்பித்தது. போர்ட்ஸ்மத் நகரில் பால்ஸ்குரோவ் பகுதியில் கூட்டம் கூடி வீடுகளைத் தாக்கியது. எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடின. அதே சமயத்தில் வேல்ஸில் ஒரு மருத்துவரின் வீட்டு வாசலில் கிறுக்கி வைத்தார்கள். அவர் செய்த 'குற்றம்' பீடியாட்ரிஷியனாக, அதாவது குழந்தை மருத்துவராக இருந்தது. அந்தச் சொல்லை 'பீடோஃபைல்', அதாவது பிள்ளைகள்மீது பாலியல் நாட்டம் உள்ளவர், என்று படித்துவிட்டார்கள்.

2018இல் இந்தியாவில் நடந்தது நம் எல்லாருக்கும் தெரியும். 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்' என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, வழி கேட்டவர்களையும் வேலை தேடி வந்தவர்களையும் அடித்தே கொன்றார்கள். 20 பேருக்கு மேல் செத்தார்கள். செத்தவர்கள் அப்பாவிகள். அதனால் ஒரு பிள்ளையாவது காப்பாற்றப்பட்டதா?

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க் மாநிலத்தில் 21 ஆண்டு கைதுப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2008இல் வெளிவந்தது. பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் அதற்கு முன்பு அந்த வகைக் குற்றத்தில் தண்டனை பெறாதவர்கள். அதாவது எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருந்திருக்காது. பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினால், அதில் இல்லாத, நமக்கு நன்றாகத் தெரிந்த ஆளிடம் பிள்ளையை நாமே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவோம்.

தண்டனை முடிந்து வெளியே வருகிறவர்கள் விஷயத்திலும் வேறு வழி ஒன்று இருக்கிறது. 1994இல் கனடாவின் ஹாமில்டன் நகரில், பிள்ளைகள்மீது குற்றம் செய்து சிறையிலிருந்து வந்த ஒருவரைச் சுற்றி, ஒரு சின்னத் தேவாலயத்தின் போதகரும் சில தன்னார்வலர்களும் வட்டம்போல நின்றார்கள். அன்றாடம் அவரைப் பார்ப்பது, எங்கே போகிறார், யாருடன் பேசுகிறார் என்று நேருக்கு நேர் கேட்பது, தவறான பக்கம் சாய்ந்தால் உடனே காவல்துறைக்குச் சொல்வது. அதில் பரிவும் இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. இப்படி வட்டத்துக்குள் இருந்தவர்கள் திரும்பவும் குற்றம் செய்வது குறைவு என்று கனடாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. துரத்திவிட்டால் அவர் அடுத்த ஊருக்குத்தான் போவார். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேங்கை | திங்கள், மாலை 7:30

அந்த மருத்துவர் கதை எனக்குத் தெரியாது. சரி, படம் போடுவதை விட்டுவிடுகிறேன். ஆனால் 'தெரிந்தவர்கள்தான் ஆபத்து' என்று நீங்கள் சொல்வதை ஏற்க மனம் வரவில்லை. தெரிந்தவனையும் சந்தேகப்பட்டால் யாரைத்தான் நம்புவது?

பழைய மரம் | செவ்வாய், அதிகாலை 4:50

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு இப்போது வயது 56. எனக்கு நடந்தது 11 வயதில். முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது 41 வயதில், என் மனைவியிடம்.

அவர் ஒரு வகுப்பு நடத்தி வந்தார். ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. என்னை வளைப்பதற்கு முன்னால் என் அம்மாவை வளைத்தார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. என் அப்பா உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த காலம். வீட்டுக்கு வந்து விசாரிப்பார், சின்னச் சின்ன உதவி செய்வார். "உங்க பையனுக்கு நல்ல திறமை, தனியா கவனிச்சுச் சொல்லித்தரேன்" என்றார். அம்மா கைகூப்பி நன்றி சொன்னார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அம்மாவே கைகூப்பிய மனிதரைப் பற்றி நான் யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

மற்றப் பிள்ளைகள் போன பிறகு என்னை இருக்கச் சொல்வார். வாசலில் பத்து இருபது ஜோடிச் செருப்பு கிடக்கும். ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் என் செருப்பு மட்டும் கிடக்கும். அந்த வாசலைத் தாண்டி எத்தனை பெரியவர்கள் போயிருப்பார்கள்! மூடிய கதவு, வெளியே ஒரே ஒரு சின்னச் செருப்பு. ஒருவர், ஒரே ஒருவர், கதவைத் தட்டி, "என்ன, இந்தப் பையன் இன்னும் போகலையா?" என்று கேட்டிருந்தால் போதும். அவரைச் சந்தேகப்பட வேண்டும் என்றுகூட இல்லை, சும்மா கேட்டிருந்தாலே போதும்.

வேங்கை தம்பி, "யாரைத்தான் நம்புவது" என்று கேட்கிறீர்கள். நம்புங்கள். நம்பிக்கொண்டே கதவைத் தட்டுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2013இலிருந்து 2017வரை ஓர் அரசு ஆணையம் இதை விசாரித்தது. பள்ளி, தேவாலயம், விடுதி, விளையாட்டு அமைப்பு என்று எல்லா வகை நிறுவனங்களிலும் நடந்ததை எடுத்துப் பார்த்தார்கள். 8,000 பேருக்கு மேல் தனியறையில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர்கள் வாய் திறக்கச் சராசரியாக 23.9 ஆண்டு ஆகியிருந்தது. அதைப் படித்தபோதுதான், நான் கோழை இல்லை, என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. 'பையன்களுக்கு என்ன ஆகிவிடப்போகிறது' என்று யாராவது உங்கள் கூட்டத்தில் சொன்னால், தயவுசெய்து என் கதையைச் சொல்லுங்கள்.

மழைத்துளி | செவ்வாய், காலை 8:15

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி. அடுத்த கூட்டத்தில் அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்வேன்.

விசில் | செவ்வாய், இரவு 9:00

நான் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறேன். இந்த இழையை முதலில் திறந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், வலித்தது. தண்ணீருக்குள் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்காமல் நீச்சல் சொல்லித்தர முடியாது. எங்கள் அமைப்பில் விதிகள் கொண்டுவந்த அன்றைக்கு, 'என்னைத் திருடன் மாதிரிப் பார்க்கிறார்களே' என்று விலகிவிடக்கூட நினைத்தேன்.

ஒரு வருடம் போன பிறகு மனம் மாறிவிட்டது. எங்கள் விதிகள் எளிமையானவை. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனியாக எங்கும் இருக்கக்கூடாது, இன்னொரு பெரியவர் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும். உடை மாற்றும் அறைக்குள் பயிற்சியாளர் போவதில்லை. அவசரமாகப் போக வேண்டியிருந்தால் இரண்டு பேராக, குரல் கொடுத்துவிட்டு. யார் பிள்ளையையும் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவதில்லை, எல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான். தொட வேண்டியிருந்தால் ஏன், எங்கே என்று முதலில் சொல்லிவிட்டு, "சரியா?" என்று கேட்டுவிட்டுத் தொடுவது. இந்தக் கடைசி விதியால் பிள்ளைகள் என்னைப் பார்க்கும் பார்வையே மாறியது. "சார், இன்னைக்கு நானே மிதந்து பார்க்கிறேன், பிடிக்க வேண்டாம்" என்று ஒரு சிறுமி சொன்னாள். முன்பெல்லாம் அப்படி யாரும் சொன்னதே இல்லை.

விதி எனக்கும் கவசம். ஒருநாள் ஒரு பிள்ளையின் அம்மா வர ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. அந்த நேரம் முழுக்க என்னுடன் இன்னொரு பயிற்சியாளரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். யாருக்கும் எந்தக் கேள்வியும் வரவில்லை. பயிற்சியாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். 'எனக்கு மட்டும் இந்த விதி வேண்டாம்' என்று யார் கேட்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

தென்றல் | புதன், காலை 11:20

விசில் சொன்ன விதிகள் நல்லவை. ஆனால் என் மகன் போன்ற பிள்ளைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு 12 வயது, பேச்சு வராது. கழிப்பறைக்குப் போகவும் உடை மாற்றவும் ஆள் உதவி வேண்டும். 'யாரும் உன்னைத் தொடக்கூடாது' என்ற பாடம் அவன் வாழ்க்கைக்குப் பொருந்தாது, தினமும் நாலு பேர் தொட்டுத்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறார்கள். 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, மாற்றுத்திறன் பிள்ளைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் அபாயம் மற்றப் பிள்ளைகளைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு என்றது. அதைப் படித்து நான் ஆச்சரியப்படவே இல்லை.

நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், அவனுக்கு உதவி செய்யும் ஆட்களின் படங்களை ஓர் அட்டையில் ஒட்டியிருக்கிறோம். இன்றைக்கு யார் உதவ வேண்டும் என்று அவனே தொட்டுக் காட்டுவான். அவன் படங்களைத் தொட்டுக் காட்டித்தான் பேசுவான். அதற்கான பட அட்டைத் தொகுப்பில் உடம்பின் எல்லா உறுப்புகளுக்கும் படம் உண்டு, 'வேண்டாம்', 'பிடிக்கவில்லை' என்பதற்கும் உண்டு. பல பள்ளிகளில் கொடுக்கும் தொகுப்பில் அந்தரங்க உறுப்புக்குப் படமே இருப்பதில்லை. சொல்வதற்குச் சொல்லே தராமல், சொல்லவில்லையே என்று பிள்ளையைக் குறை சொல்லலாமா?

திறவுகோல் | புதன், இரவு 11:45

இணையம் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் வருகிறேன். மைதானத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டோம், ஆனால் பிள்ளையின் கையில் இருக்கும் போனும் ஒரு கதவுதான். விளையாட்டுச் செயலியில் நட்பாகப் பேச ஆரம்பிப்பார்கள், அப்புறம் வேறு செயலிக்குக் கூப்பிடுவார்கள். அந்த 'இங்கே வேண்டாம், அங்கே வா'தான் முதல் அறிகுறி. இப்போது பதின்ம வயதுப் பையன்களைக் குறிவைத்து ஒரு கொடுமை பரவியிருக்கிறது. பெண்போலப் பேசி ஒரு படத்தை வாங்கிவிட்டு, அடுத்த நிமிடமே, "பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் நண்பர்கள் எல்லாருக்கும் போகும்" என்று மிரட்டுவது. அவமானத்தில் உயிரை விட்ட பையன்கள் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றைக்கே ஒன்று சொல்லி வையுங்கள்: "எவ்வளவு பெரிய தப்பு நடந்திருந்தாலும், நடுராத்திரியாக இருந்தாலும் என்னை எழுப்பு. நான் திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்." போனைப் பிடுங்குவோம் என்ற பயத்தில்தான் பாதிப் பிள்ளைகள் சொல்வதில்லை. மிரட்டல் வந்தால் பணம் அனுப்ப வேண்டாம், உரையாடலை அழிக்க வேண்டாம், அது சான்று. கணக்கைப் புகார் செய்துவிட்டுக் காவல்துறைக்குப் போங்கள். படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023இல் அறிமுகப்படுத்தியது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண் அடையாளம் உருவாகும், அந்த அடையாளம் மட்டும்தான் தளங்களுக்குப் போகும். பங்கேற்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும்.

மழைத்துளி | வியாழன், காலை 7:10

எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி. எங்கள் குழுவில் இருக்கும் யாரிடமாவது ஒரு பிள்ளை வந்து, 'எனக்கு இப்படி நடந்தது' என்று சொன்னால், அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? நினைத்தாலே கை நடுங்குகிறது.

கடலோசை | வியாழன், மதியம் 2:30

நடுங்கினாலும் முகத்தில் காட்டாதீர்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசும். பெரும்பாலும் ஒரு சின்னத் துண்டைத்தான் முதலில் தூக்கிப் போடும். "எனக்கு அந்த வகுப்பு பிடிக்கலை", "அந்த அண்ணன் ஒரு மாதிரி." நீங்கள் அதை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மீதியைச் சொல்லும், அல்லது சொல்லாது.

பிள்ளை பேசட்டும். "நீ சொன்னது நல்லது. உன்மேல எந்தத் தப்பும் இல்லை. நான் உன்னை நம்புறேன்." இவ்வளவு போதும். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், சொல்லியாக வேண்டும். "உனக்கு உதவி செய்யுறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, இதில்தான் நல்லெண்ணம் உள்ளவர்களே தவறு செய்கிறார்கள். விசாரிக்காதீர்கள். "அங்க தொட்டாரா? இப்படிச் செய்தாரா?" என்று நாமே பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால், பிள்ளை நம் வார்த்தையைத் திருப்பிச் சொல்லத் தொடங்கும். கலிஃபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளி வழக்கு 1983இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் அப்படித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1990இல் ஒருவருக்குக்கூடத் தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்தது. இதனால் உண்மையாகப் பாதிக்கப்படும் பிள்ளைகளின் பேச்சையும் உலகம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தது, அதுதான் பெரிய இழப்பு. "என்ன நடந்ததுன்னு சொல்லு", "அப்புறம்?" இதற்குமேல் கேட்க வேண்டாம். பிள்ளை சொன்ன அதே சொற்களில், தேதி நேரத்தோடு, அன்றைக்கே எழுதி வையுங்கள். பிறகு உங்கள் நாட்டுக் குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ தகவல் சொல்லுங்கள். பல நாடுகளில் இதைச் சொல்லாமல் விடுவதே குற்றம். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு 'பேசிப் பார்ப்பது' மட்டும் கூடவே கூடாது. சான்று அழியும், பிள்ளைக்கு மிரட்டல் வரும்.

ஐஸ்லாந்தில் 1998இல் 'பார்னாஹுஸ்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 'பிள்ளைகள் வீடு' என்று பொருள். காவல்துறை, மருத்துவர், மனநல ஆலோசகர் எல்லாரும் அந்த வீட்டுக்கு வருவார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் பிள்ளையிடம் பேசுவார், மற்றவர்கள் வேறு அறையிலிருந்து கேட்பார்கள். ஒரே கதையைப் பத்து இடத்தில் பத்துப் பேரிடம் அந்தப் பிள்ளை சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் அந்த எண்ணத்தை உங்கள் குழுவுக்குள் கொண்டுவரலாம். ஒரு பிள்ளை ஒருவரிடம் சொன்னால், குழுவின் மற்ற இருவரும் அந்தப் பிள்ளையிடம் திரும்பக் கேட்கக்கூடாது.

வேங்கை | வெள்ளி, இரவு 12:20

பழைய மரம் ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. நான் ஏன் முதல் நாளே 'ஆளைப் பிடி, அடி' என்று குதித்தேன் என்று இப்போது புரிகிறது. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். உறவுமுறை சொல்ல விரும்பவில்லை. என் தங்கை சின்ன வயதில் அவரைப் பற்றி ஒன்று சொன்னாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். 'வெளியே தெரிந்தால் மானம் போகும், அவள் கல்யாணம் என்ன ஆவது' என்று அதோடு மூடிவிட்டார்கள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன், பத்தொன்பது வயது. வாயைத் திறக்கவில்லை. அவர் இன்றைக்கும் எல்லா விசேஷத்துக்கும் வருகிறார். இப்போது என் பிள்ளைகளும், தங்கையின் பிள்ளைகளும் அங்கே ஓடி விளையாடுகிறார்கள். தெருவில் போகிறவனை அடிக்கத் தயாராக இருந்தேன். இவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன செய்வது?

கடலோசை | வெள்ளி, காலை 6:40

முதலில் உங்கள் தங்கையிடம் போங்கள். "நீ அன்னைக்குச் சொன்னது உண்மைன்னு எனக்குத் தெரியும், நான் பேசாம இருந்தது தப்பு" என்று சொல்லுங்கள். அதற்குமேல் என்ன வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஆனால் இப்போது இருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கக்கூடாது. அவர் வரும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால், காரணத்தை நேராகச் சொல்லுங்கள். தங்கையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை: "அவர் இருக்கும் இடத்துக்கு என் பிள்ளைகள் வர மாட்டார்கள்." இன்றைக்கு ஏதாவது ஒரு பிள்ளையிடம் அவர் நெருங்குவதாகச் சின்ன அறிகுறி தெரிந்தாலும் உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.

வேங்கை | வெள்ளி, காலை 7:05

இன்றைக்கு மாலை போகிறேன்.

மழைத்துளி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:30

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்கிறேன். கூட்டம் மூன்று மணி நேரம் நீண்டது. பழைய மரம் ஐயாவின் செருப்பைப் பற்றி, அவரை அடையாளம் காட்டாமல் சொன்னேன். 'எல்லாரும் தெரிஞ்சவங்கதானே' என்று முதல் கூட்டத்தில் சொன்னவர்தான் முதலில் கையைத் தூக்கினார். "கடைசிப் பிள்ளை போகும்வரை ரெண்டு பேர் வாசலில் இருக்கணும்" என்பதை முதல் விதியாக எழுதச் சொன்னதும் அவர்தான்.

விசில் சொன்ன விதிகளைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளோடு தனி ரகசியம், தனிப் பரிசு, தனி மெசேஜ் கூடாது என்று சேர்த்தோம். பெரிய பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்காவில் காவல்துறைக்கு வந்த வழக்குகளில், பிள்ளைகள்மீதான பாலியல் குற்றங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செய்தவர்களே 18 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று 2009இல் வந்த ஓர் ஆய்வைக் கடலோசை தனிச்செய்தியில் அனுப்பியிருந்தார். அதனால் 14, 15 வயதுப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைத் தனியாக அழைத்துப் போவதையும் நிறுத்தினோம். அவர்களைக் குற்றவாளிகள்போல நடத்தாமல், உட்கார வைத்துக் காரணத்தை விளக்கினோம். நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஸ்டிக்கர் கொடுத்தவர் அன்றைக்கு முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அவரே ஓர் அட்டையைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது. ஸ்டிக்கரை இப்போது எல்லார் முன்னாலும் அதில் ஒட்டுகிறார். அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. முன்புபோல அதை நினைத்து இரவில் விழித்துக்கொண்டிருப்பதும் இல்லை.

பந்துகள் வைக்கும் அறையின் கதவில் கண்ணாடி பொருத்திவிட்டோம். உள்ளே ஒரு பழைய சுவரொட்டி ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்தது, அதையும் கிழித்தாயிற்று. தென்றல் சொன்னதுபோல, பேச்சு வராத பிள்ளைகளுக்கான பட அட்டைகளை முழுமையாக்கும் வேலை நடக்கிறது, அதற்கு அவரே உதவுகிறார்.

பழைய மரம் | ஞாயிறு, இரவு 10:05

நல்லது அம்மா. அந்த அறைக்குச் சாவி எத்தனை?

மழைத்துளி | ஞாயிறு, இரவு 10:20

இப்போதுதான் எல்லாரிடமும் கேட்டேன் ஐயா. மூன்று இருக்க வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாளைக் காலை பூட்டை மாற்றுகிறோம்.